செட்டைல் ஆல்கஹால், செட்டோஸ்டீரைல் ஆல்கஹால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகத்துக்குப் பூசும் கிரீம், தலைக்குப் போடும் கண்டிஷனர், பலதுறை மருந்தகத்தில் அரிப்புக்குக் கொடுக்கும் வெள்ளைக் களிம்பு என எதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலும் இந்தப் பெயர்களில் ஒன்று தென்படும். சிங்கப்பூரில் லேபிளைப் படித்துக் குழம்புகிறவர்களும், வீட்டிலேயே கிரீம் செய்து பார்க்கிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பெயரிலேயே ஆல்கஹால் இருக்கிறதே, தோலை வறட்டிவிடாதா?

வறட்டாது. தோலை வறட்டுவது எத்தனால் போன்ற சிறிய ஆல்கஹால். எத்தனாலில் இருப்பது 2 கார்பன். அது சட்டென்று ஆவியாகும், போகிற போக்கில் தோலின் எண்ணெய்ப் பசையையும் கரைத்து எடுத்துவிடும். செட்டைல் ஆல்கஹாலில் 16 கார்பன்கள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன, ஒரு முனையில் மட்டும் ஹைட்ராக்சில் தொகுதி. ஸ்டீரைல் ஆல்கஹாலில் 18 கார்பன்கள். இரண்டும் வெள்ளை மெழுகுச் செதில்களாகவோ சிறு மணிகளாகவோ கிடைக்கும். தண்ணீரில் கரையாது, சூடான எண்ணெயில் கரையும், அறை வெப்பத்தில் ஆவியாகாது. தோலில் மெல்லிய படலமாக நின்று ஈரம் வெளியேறுவதைக் குறைக்கும்.

லேபிளில் தனியாக ‘ஆல்கஹால்’ என்றோ ‘டினேச்சர்ட் ஆல்கஹால்’ என்றோ பட்டியலின் முதல் நான்கைந்து இடங்களுக்குள் இருந்தால்தான் வறட்சியைப் பற்றி யோசிக்க வேண்டும். ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று முன்பக்கத்தில் எழுதிவிட்டுப் பின்பக்கத்தில் செட்டைல் ஆல்கஹாலைப் பட்டியலிட்டிருந்தால் அது ஏமாற்று வேலை அல்ல. அழகுப் பொருள் லேபிளில் அந்தச் சொல் எத்தனாலைத்தான் குறிக்கும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் விளக்கியிருக்கிறது.

இதன் முக்கியமான பண்புகள் என்ன?

செட்டைல் ஆல்கஹாலின் வேதிப்பெயர் 1-ஹெக்ஸாடெக்கனால். மூலக்கூறு எடை 242.4. உருகுநிலை சுமார் 49 டிகிரி செல்சியஸ். ஸ்டீரைல் ஆல்கஹால் 58-59 டிகிரியில் உருகும். இரண்டும் கலந்த செட்டோஸ்டீரைல் ஆல்கஹால், கலப்பு விகிதத்தைப் பொறுத்து ஏறத்தாழ 48 முதல் 56 டிகிரிக்குள் உருகும். லேபிளில் செட்டியரைல் ஆல்கஹால் என்று வருவதும் இந்தக் கலவையேதான்.

சங்கிலி நீள நீள உருகுநிலை ஏறும். 12 கார்பன் கொண்ட லாரைல் ஆல்கஹால் 24 டிகிரி, 14 கார்பன் கொண்ட மிரிஸ்டைல் 38 டிகிரி, 22 கார்பன் கொண்ட பெஹெனைல் 70 டிகிரிக்கு அருகில். நம் ஊரில் லாரைல் ஆல்கஹால் பிற்பகலில் திரவமாகவும், ஏர்கான் போட்ட அறையில் திடமாகவும் இருக்கும். அப்படி மாறுகிற பொருளை நம்பிக் கிரீமுக்குக் கெட்டித்தன்மை கொடுக்க முடியாது. 33 டிகிரி வெயிலிலும் திடமாக நின்று, கைச்சூட்டில் தேய்க்கும்போது மிருதுவாக வழுக்குவதால்தான் 16-18 கார்பன் வகைகள் கிரீம்களில் நிலைத்துவிட்டன. லாரைல் ஆல்கஹாலின் வேலை வேறு. சல்ஃபேட்டாக மாற்றினால் அதுவே ஷாம்பூவில் நுரை தரும் சோடியம் லாரைல் சல்ஃபேட்.

இயற்கையில் எங்கே கிடைக்கிறது? தேங்காய் எண்ணெயில் இருக்கிறதா?

தேங்காய் எண்ணெயிலும் பாமாயிலிலும் இருப்பவை கொழுப்பு அமிலங்கள். அவை கிளிசரினோடு பிணைந்து கிடக்கின்றன. செட்டைல், ஸ்டீரைல் போன்ற கொழுப்பு ஆல்கஹாலை அவற்றிலிருந்து வேதிவினை மூலம் உண்டாக்க வேண்டும். ‘தேங்காயிலிருந்து பிழிந்தெடுத்த செட்டைல் ஆல்கஹால்’ என்று விளம்பரம் பார்த்தால் நம்ப வேண்டாம். ‘தேங்காய் எண்ணெயை மூலப்பொருளாகக் கொண்டு தயாரித்தது’ என்பதுதான் சரி.

கொழுப்பு ஆல்கஹால் இயற்கையாகவே இருக்கும் இடம் மெழுகுகள். அங்கும் பெரும்பாலும் தனியாக இராது, ஓர் அமிலத்தோடு எஸ்டராகப் பிணைந்திருக்கும். தேன்மெழுகில் 30 கார்பன் கொண்ட ட்ரையகோண்டனால், பால்மிடிக் அமிலத்தோடு சேர்ந்திருக்கிறது. கரும்புத் தண்டின் மேல் படியும் வெள்ளைப் பூச்சில் 28 கார்பன் கொண்ட ஆக்டகோசனால் அதிகம். தவிட்டு மெழுகு, கோதுமை இலை, ஆட்டு ரோமக் கொழுப்பு எல்லாவற்றிலும் நீண்ட சங்கிலி ஆல்கஹால்கள் உண்டு. ஹோஹோபா எண்ணெய் என்று விற்பது உண்மையில் திரவ மெழுகு. அதில் 20, 22 கார்பன் ஆல்கஹால்கள் பிணைந்திருக்கின்றன.

செட்டைல் ஆல்கஹால் முதன்முதலில் கிடைத்தது திமிங்கிலத்திலிருந்து. எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலைக்குள் இருக்கும் ஸ்பெர்மசெட்டி என்ற மெழுகைக் காரப் பொட்டாஷுடன் சூடாக்கி, பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரோல் 1817-இல் இதைப் பிரித்தெடுத்தார். வணிகத் திமிங்கில வேட்டைக்கு அனைத்துலகத் திமிங்கில ஆணையம் 1982-இல் தடை முடிவெடுத்தது, 1986-இல் அது நடப்புக்கு வந்தது. அந்த உயிரினத்தின் உருவ அளவைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்த 10.6 மீட்டர் நீளப் பெண் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, லீ கொங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் தொங்குகிறது. தலைப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். மெழுகு நிறைந்திருந்தது அங்கேதான்.

இப்போது தொழிற்சாலையில் எப்படித் தயாரிக்கிறார்கள்?

பாமாயிலையோ பாம் கொட்டை எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து மீத்தைல் எஸ்டராக மாற்றுகிறார்கள். கிளிசரின் தனியே பிரிந்துவிடும். எஸ்டரைத் தாமிரம் கலந்த வினையூக்கியின் மேல், 200 முதல் 300 பார் அழுத்தத்தில் ஹைட்ரஜனுடன் செலுத்தினால் கொழுப்பு ஆல்கஹால் கிடைக்கும். அதை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து 12, 14, 16, 18 கார்பன் என்று தனித்தனியாகப் பிரிப்பார்கள். பாமாயிலின் கொழுப்பு அமிலங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் 16 கார்பன் பால்மிடிக் என்பதால் செட்டைலுக்கு அது நல்ல மூலம். கொட்டை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் 12 கார்பன் பகுதிதான் பாதியளவு. பெட்ரோலியத்தின் எத்திலீனிலிருந்து ஸீக்ளர் முறையில் செய்வதும் உண்டு. மூலக்கூறு ஒன்றேதான். தோலுக்கு வித்தியாசம் தெரியாது.

நமக்கு வெகு அருகில், படகில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் பாத்தாம் தீவிலேயே கொழுப்பு ஆல்கஹால் ஆலை இயங்குகிறது.

பாமாயில் என்றால் காடழிப்பு, புகைமூட்டம் நினைவுக்கு வருகிறதே. என்ன செய்வது?

நியாயமான கவலை. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டதை அப்போது இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மறு ஆண்டே எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டம் நிறைவேறியது. 2004-இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ என்ற நீடித்த பாமாயில் அமைப்பின் சான்றிதழைப் பார்த்து வாங்குவது ஒரு வழி. ஆனால் சான்றிதழில் பல தரங்கள் உண்டு. கொழுப்பு ஆல்கஹாலில் பெரும்பாலும் கிடைப்பது ‘மாஸ் பேலன்ஸ்’ வகை. சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் ஒரே தொட்டியில் கலந்திருக்கும், கணக்கில் மட்டும் அளவு சரியாக இருக்கும். முழுக்கப் பிரித்து வைத்த சரக்கு வேண்டுமென்றால் ‘செக்ரிகேட்டட்’ என்று ஆவணத்தில் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். தேங்காய் மூலம் என்று சொல்லி விற்பது தானாகவே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே அளவு எண்ணெய்க்குத் தென்னைக்குப் பல மடங்கு நிலம் வேண்டும்.

ஹலாலா? சைவமா?

எத்தனாலைப் போல மயக்கம் தரும் பொருள் இல்லை. அதனால் ஆல்கஹால் என்ற பெயரை வைத்து ஒதுக்கத் தேவையில்லை. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி மூலம் எது என்பது. ஸ்டீரைல், செட்டோஸ்டீரைல் வகைகளை மாட்டுக் கொழுப்பிலிருந்தும் தயாரிக்க முடியும். லேபிளில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. மூலப்பொருளாக வாங்குகிறவர்கள் தாவர மூலம் என்று எழுதிய ஆவணத்தையும் ஹலால் சான்றிதழையும் கேட்டு வாங்கலாம். கடையில் கிரீமாக வாங்குகிறவர்கள் முத்திரையைப் பார்க்க வேண்டும். மார்க்கத் தீர்ப்பு தேவைப்பட்டால் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸிடம் கேட்பதே முறை.

கிரீமுக்குள் இது என்ன வேலை செய்கிறது?

பலரும் இதை எமல்சிஃபயர், அதாவது தண்ணீரையும் எண்ணெயையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருள் என்று நினைத்துத் தண்ணீர், எண்ணெய், செட்டைல் ஆல்கஹால் மூன்றையும் கடைந்து பார்க்கிறார்கள். சூடாக இருக்கும்போது சேர்ந்தது போலத் தெரியும், ஆறியதும் பிரிந்துவிடும். தண்ணீரையும் எண்ணெயையும் பிணைக்கும் வலு இதன் ஒற்றை ஹைட்ராக்சில் முனைக்குத் தனியாகப் போதாது. இன்னோர் எமல்சிஃபயருக்குப் பக்கபலமாக நிற்பதே இதன் வேலை.

அந்தப் பக்கபலம் எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் நேராது. சூடான நிலையில் கொழுப்பு ஆல்கஹாலும் எமல்சிஃபயரும் ஒன்றாக உருகிக் கலக்கின்றன. ஆறும்போது இரண்டும் சேர்ந்து இரட்டை அடுக்குத் தகடுகளாக அமைகின்றன, தகடுகளுக்கு இடையே தண்ணீர் சிறைப்படுகிறது. எண்ணெய்த் துளிகள் இந்த வலைக்குள் அசையாமல் நிற்கின்றன. கிரீமின் கெட்டித்தன்மையில் பெரும்பங்கு எண்ணெயிலிருந்து வருவதே இல்லை, இந்த வலையிலிருந்து வருகிறது. அதனால்தான் 88 சதவீதம் தண்ணீர் இருக்கும் கண்டிஷனர்கூடப் புட்டியைக் கவிழ்த்தாலும் ஒழுகாமல் நிற்கிறது. கண்டிஷனரில் இருக்கும் எமல்சிஃபயர் நேர்மின்னேற்றம் உள்ளது. தகடுகள் ஒன்றையொன்று தள்ளுவதால் இடையில் இன்னும் அதிகத் தண்ணீர் பிடிக்கும்.

இந்த வலை முழுதாக அமைய ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் ஆகும். செய்த அன்றே தண்ணியாக இருக்கிறது என்று மறுபடி சூடாக்கி இன்னும் நான்கு கிராம் மெழுகு போட்டால், இரண்டு நாள் கழித்துக் கரண்டி இறங்காது.

எவ்வளவு சேர்ப்பது?

ஓடுகிற லோஷனுக்கு 1-2 சதவீதம், கிரீமுக்கு 3-5, கண்டிஷனருக்கு மொத்தம் 4-6. நீங்கள் வாங்கும் எமல்சிஃபயருக்குள்ளேயே எவ்வளவு கொழுப்பு ஆல்கஹால் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எமல்சிஃபையிங் வேக்ஸ் என்று விற்பதில் பெரும்பகுதி செட்டோஸ்டீரைல்தான்.

செட்டைலா, செட்டோஸ்டீரைலா?

இரண்டில் ஒன்றை மட்டும் வாங்க முடிந்தால் செட்டோஸ்டீரைலை வாங்குங்கள். தூய செட்டைல் ஆல்கஹால் தேய்க்க மிருதுவாக இருக்கும், தூய ஸ்டீரைல் கெட்டியாகவும் வெண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒற்றைச் சங்கிலி நீளம் மட்டும் இருந்தால் மூலக்கூறுகள் சில வாரங்களில் இறுக்கமான படிகமாக அடுக்கிக்கொள்ளும். தகடுகளுக்கு இடையே இருந்த தண்ணீர் வெளியே தள்ளப்படும். கிரீமில் முத்துப் போன்ற மினுமினுப்பு தோன்றுவது அதன் முதல் அறிகுறி, அடுத்து இளகும், பிறகு நீர் விடும். இரண்டு நீளங்கள் கலந்திருந்தால் அப்படி ஒழுங்காக அடுக்க முடியாது, வலை நிலைத்து நிற்கும். பகலில் 32 டிகிரி, இரவில் ஏர்கான் அறையில் 23 டிகிரி என்று தினமும் ஏறி இறங்கும் நம் வீடுகளில் இந்த வேறுபாடு இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

வீட்டில் கண்டிஷனர் செய்ய அளவும் செய்முறையும் சொல்ல முடியுமா?

200 கிராமுக்கு: காய்ச்சி வடித்த நீர் 176 கிராம், பிடிஎம்எஸ்-25 10 கிராம், செட்டைல் ஆல்கஹால் 4 கிராம், தேங்காய் எண்ணெய் 4 கிராம், கிளிசரின் 4 கிராம், ஃபீனாக்ஸி எத்தனாலும் எத்தில்ஹெக்சைல் கிளிசரினும் கலந்த பிரிசர்வேடிவ் 2 கிராம். எல்லாவற்றையும் 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்து எடுங்கள். தேக்கரண்டி கணக்கு இதற்கு உதவாது, செதில்களுக்கு இடையே காற்று நிறைய.

இங்கே செட்டைல் 4 கிராம் மட்டுமே இருப்பதைப் பார்த்துக் குறைவு என்று தோன்றலாம். பிடிஎம்எஸ்-25 என்பதில் 25 சதவீதம்தான் நேர்மின் எமல்சிஃபயர், மீதி 75 சதவீதம் செட்டியரைல் ஆல்கஹால். அந்த 10 கிராமிலேயே 7.5 கிராம் கொழுப்பு ஆல்கஹால் வந்துவிடுகிறது. மொத்தம் 11.5 கிராம், அதாவது 5.75 சதவீதம்.

தண்ணீரையும் கிளிசரினையும் ஒரு கண்ணாடிக் குவளையிலும், பிடிஎம்எஸ், செட்டைல், எண்ணெய் மூன்றையும் இன்னொன்றிலும் போட்டு, இரண்டையும் ஒரே வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி வையுங்கள். நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். மெழுகு ஓரத்தில் கருகும், அளவுக்கு மீறிச் சூடேறினால் தீப்பற்றும். இரண்டும் 75 டிகிரிக்கு வந்து பத்து நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். தண்ணீர்க் குவளையைத் தொடங்கும் முன் நிறுத்து வைத்திருந்தால், ஆவியாகிப் போன அளவுக்குச் சூடான காய்ச்சி வடித்த நீரை ஊற்றி ஈடுகட்டலாம். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கெட்டியில் வரும், காரணம் புரியாது.

எண்ணெய்ப் பகுதியின் மேல் தண்ணீரை ஊற்றி, கைமிக்சியின் தலை முழுதும் மூழ்கியபடி இரண்டு நிமிடம், விட்டு விட்டு அடியுங்கள். தலை மேலே வந்தால் காற்று புகுந்து நுரைத்துவிடும், அந்தக் குமிழிகள் கெட்டியான கண்டிஷனரிலிருந்து வெளியேறவே மாட்டா. பிறகு ஸ்பாட்டுலாவால் சுவரை வழித்தபடி மெதுவாகக் கிளறிக்கொண்டே 40 டிகிரிக்கு ஆறவிடுங்கள். ஏர்கான் காற்று நேராகப் படும் மேசையில் வைத்தால் ஓரம் முதலில் உறைந்து கட்டி தட்டும்.

40 டிகிரியில் பிரிசர்வேடிவைச் சேர்த்துவிடுங்கள். பிஎச் தாளில் 4 முதல் 4.5 வரும்வரை பத்து சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். புட்டியில் ஊற்றி இரண்டு நாள் கழித்தே கெட்டித்தன்மையை மதிப்பிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீருக்குப் பதில் வெந்தயம் ஊறிய நீர், செம்பருத்தி இலைச் சாறு, கற்றாழை ஆகியவற்றை ஊற்றாதீர்கள். அவை நுண்ணுயிரிக்குத் தீனி. மேலே சொன்ன ஒரு சதவீத பிரிசர்வேடிவ் அவற்றைத் தாங்காது. ஃபீனாக்ஸி எத்தனாலுக்கு ஆசியான் விதிகளில் உச்ச அளவே ஒரு சதவீதம்தான் என்பதால் கூட்டிப் போடவும் வழியில்லை. வெந்தயம் பூச ஆசையென்றால் அன்றன்றைக்கு அரைத்துப் பூசிக் கழுவிவிடுங்கள்.

கிரீம் கெட்டுப்போவது எதனால்?

மணல் போல நறநறத்தால், எண்ணெய்ப் பகுதியின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டு, எமல்சிஃபயரோடு சேரும் முன்பே மெழுகு உறைந்திருக்கும். முழுவதையும் மறுபடி 75 டிகிரிக்குச் சூடாக்கி அடித்தால் பெரும்பாலும் சரியாகும். பிரிசர்வேடிவை ஏற்கெனவே சேர்த்துவிட்டிருந்தால், நீண்ட நேரம் சூட்டில் வைக்காதீர்கள்.

தோலில் தேய்க்கும்போது சோப்பு நுரை போல வெள்ளைக் கோடு விழுந்து மறைய மறுத்தால் கொழுப்பு ஆல்கஹால் அதிகம் என்று பொருள். 2 சதவீதத்துக்குக் குறைத்துவிடுங்கள். அரை முதல் ஒரு சதவீதம் டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எண்ணெயைச் சேர்த்தாலும் அந்தக் கோடு அடங்கும். வியர்வை வழியும் தோலில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

மேலே எண்ணெய் மிதந்தால் எமல்சிஃபயர் போதவில்லை, அல்லது எண்ணெய் கூடிவிட்டது. இதற்கு மெழுகைக் கூட்டுவது தீர்வாகாது. புள்ளிகளோ புளித்த வாடையோ தெரிந்தால் எந்தச் சமாதானமும் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

வாங்கிய செதில் செட்டைல் ஆல்கஹால்தானா, ஸ்டீரிக் அமிலமா? இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவே.

பையில் பெயர் எழுதாமல் வைத்துவிட்டால் எல்லாருக்கும் வரும் சிக்கல். ஒரு கிராமைக் கொதிக்கும் நிலையில் உள்ள அரைக் கோப்பைத் தண்ணீரில் உருக்கி, ஒரு சிட்டிகை சலவைச் சோடாவைப் போடுங்கள். ஸ்டீரிக் அமிலம் என்றால் பொங்கி, சோப்பாக மாறித் தண்ணீர் பால்போலக் கலங்கும். செட்டைல் ஆல்கஹால் எதுவும் செய்யாமல் தெளிந்த எண்ணெயாக மிதந்து, ஆறியதும் வெள்ளை வில்லையாக உறையும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தகத்தில் தரும் அக்வஸ் கிரீமில் இதுதானே இருக்கிறது? அதைப் பூசினால் குழந்தைக்கு ஏன் எரிகிறது?

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் செட்டோஸ்டீரைல் இல்லை, அதோடு வரும் சோடியம் லாரைல் சல்ஃபேட். பிரிட்டிஷ் மருந்தக முறைப்படி எமல்சிஃபையிங் வேக்ஸில் 9 பங்கு செட்டோஸ்டீரைல், 1 பங்கு சோடியம் லாரைல் சல்ஃபேட். அந்த வேக்ஸ் 30 சதவீதமும் மென்பாரஃபின் 50 சதவீதமும் திரவ பாரஃபின் 20 சதவீதமும் சேர்ந்தது எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட். அந்த ஆயின்ட்மென்ட் 30 சதவீதமும் மீதி தண்ணீரும் சிறிது பிரிசர்வேடிவும் சேர்ந்தது அக்வஸ் கிரீம். பெருக்கிப் பார்த்தால் கிரீமில் செட்டோஸ்டீரைல் 8.1 சதவீதம், சோடியம் லாரைல் சல்ஃபேட் 0.9 சதவீதம்.

அந்த 0.9 சதவீதம், பூசிக் கழுவிவிட்டால் பெரிய தொல்லை தராது. மணிக்கணக்கில் தோலிலேயே விட்டால், எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு எரிச்சலும் சிவப்பும் வரக்கூடும் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013-இல் எச்சரித்தது. எரிகிறது என்றால் சோப்புக்குப் பதிலாகக் குளிக்க மட்டும் பயன்படுத்திவிட்டு, பூசி வைப்பதற்கு வேறு களிம்பு தரும்படி மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். சோடியம் லாரைல் சல்ஃபேட் இல்லாத அக்வஸ் கிரீமும் விற்பனையில் உண்டு. லேபிளைப் படித்தால் தெரியும்.

எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட்டில் 70 சதவீதம் பாரஃபின் என்பதையும் மறக்க வேண்டாம். அது ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். பூசிக்கொண்டு பூஜை விளக்கேற்றும்போது கைத்துணி, சேலை முந்தானை மீது கவனம் வேண்டும்.

ஒவ்வாமை வருமா? முகப்பரு?

செட்டோஸ்டீரைல் ஆல்கஹாலுக்கு ஒவ்வாமை உண்டு, ஆனால் அரிது. கால் புண், நாள்பட்ட தோலழற்சி ஆகியவற்றுக்குப் பல மாதம் களிம்பு பூசுகிறவர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. மருந்து பூசப் பூசப் புண்ணைச் சுற்றி அரிப்பு கூடிக்கொண்டே போனால் சந்தேகிக்க வேண்டும். தேசியத் தோல் நிலையத்தில் ஒட்டுப் பரிசோதனை செய்கிறார்கள். முதுகில் ஒட்டி, இரண்டாம் நாளும் நான்காம் நாளையொட்டியும் பார்ப்பார்கள். அதுவரை அந்த இடம் நனையக் கூடாது, வியர்க்கிற வேலையும் கூடாது.

பருவைப் பொறுத்தவரை, துளையை அடைக்கும் என்று இணையத்தில் சுற்றும் எண் பட்டியல்கள் முயல் காதில் தூய பொருளைப் பூசிப் பார்த்த பழைய சோதனைகளை அடிப்படையாகக் கொண்டவை. இரண்டு சதவீதம் உள்ள லோஷனுக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. எண்ணெய்ப் பசை முகமென்றால் கனமான கிரீமைத் தவிர்த்து, தாடையோரத்தில் ஒரு வாரம் பூசிப் பாருங்கள்.

கிரீமைத் தவிர வேறெங்கே பயன்படுகிறது?

தண்ணீரின் மேல் இது ஒற்றை மூலக்கூறு தடிமனில் பரவும். ஒவ்வொரு மூலக்கூறும் சுமார் 0.2 சதுர நானோமீட்டர் இடம் பிடிக்கும் என்று வைத்துக் கணக்கிட்டால், 1 கிராம் ஏறத்தாழ 500 சதுர மீட்டரை மூடிவிடும். நாலறை வீவக வீடு ஐந்தின் பரப்பு அது. இந்தப் படலம் நீர் ஆவியாவதைக் குறைக்கும் என்பதால் 1950-களில் ஆஸ்திரேலியாவில் நீர்த்தேக்கங்களில் பரப்பிப் பார்த்தார்கள். காற்றடித்தால் படலம் கரையில் ஒதுங்கிவிடுவதுதான் பெரிய தடையாக இருந்தது.

குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் சுருங்காமலிருக்கச் செலுத்திய எக்ஸோசர்ஃப் என்ற செயற்கை மருந்திலும் செட்டைல் ஆல்கஹால் இருந்தது. மற்ற மூலப்பொருள் காற்றறையின் பரப்பில் விரைந்து பரவ அது உதவியது. 22 கார்பன் கொண்ட டோகோசனால், 10 சதவீதக் கிரீமாக உதட்டுக் கொப்புளத்துக்குப் பயன்படுகிறது. அமெரிக்காவில் 2000-இல் மருந்துச்சீட்டின்றி விற்க அனுமதி கிடைத்தது. தேன்மெழுகில் சொன்ன ட்ரையகோண்டனால் பயிர் வளர்ச்சியூக்கியாக விற்கிறது.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று விற்கும் பொலிகோசனால் மாத்திரை இதே குடும்பமா?

ஆம், கரும்பு மெழுகிலிருந்து எடுத்த 24 முதல் 34 கார்பன் ஆல்கஹால்களின் கலவை, முக்கியமாக ஆக்டகோசனால். கியூபாவிலிருந்து வந்த தொடக்க ஆய்வுகள் பெரிய பலன் காட்டின. 2006-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், நாளுக்கு 10 முதல் 80 மில்லிகிராம்வரை கொடுத்தும் வெற்று மாத்திரையைவிட எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் குறையவில்லை. மருத்துவர் எழுதிய ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தை நிறுத்திவிட்டு இதை நம்புவது ஆபத்து.

இந்த ஈரப்பதத்தில் எப்படிப் பாதுகாப்பது?

நன்றாக மூடிய டப்பாவில், அடுப்புக்கும் சன்னல் வெயிலுக்கும் தள்ளி வைத்தால் ஈராண்டுக்கு மேல் கெடாது. கொழுப்பு எண்ணெய் போல இது சிக்குவாடை அடிக்காது. வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் 49 டிகிரியைத் தாண்டி ஒரே கட்டியாகிவிடும். கட்டியானது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, உடைத்து நிறுத்துப் பயன்படுத்தலாம். டப்பாவுக்குள் நீர் முத்துகள் கோத்திருந்தால் மட்டும் உலர்த்தி எடுங்கள்.

தீபாவளிச் சந்தையில் நான் செய்த கிரீமை விற்கலாமா?

விற்கும் முன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அறிவிப்புப் பதிவு செய்ய வேண்டும். கடையோ, இணையமோ, சந்தையோ, விதி ஒன்றுதான். ஆசியான் அழகுப் பொருள் நெறிமுறை இங்கே 2008-லிருந்து நடப்பில் உள்ளது. லேபிளில் மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசையாக, அனைத்துலகப் பெயரில் எழுத வேண்டும். ஒரு சதவீதத்துக்குக் குறைந்தவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். தொகுதி எண்ணும் பொறுப்பாளர் முகவரியும் கட்டாயம். எமல்சிஃபையிங் வேக்ஸ் என்று மட்டும் எழுதக் கூடாது, அதற்குள் இருப்பவற்றைப் பிரித்து எழுத வேண்டும். ‘எக்ஸிமாவைக் குணப்படுத்தும்’ என்று ஒரு வரி சேர்த்தால் அது அழகுப் பொருள் என்ற வரம்பைத் தாண்டிவிடும்.

செய்து முடித்த பாத்திரத்தை எப்படிக் கழுவுவது?

உருகிய மெழுகைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. குழாயின் வளைவில் போய் உறைந்து, அதன் மேல் சமையல் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பு கொதிநீருக்கு இளகி, கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி உறையும். பாத்திரம் சூடாக இருக்கும்போதே காகிதத் துணியால் நன்றாகத் துடைத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மிச்சப் பசையைப் பாத்திரம் கழுவும் திரவம் தடவி வெந்நீரில் தேயுங்கள். கைமிக்சியின் தலையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, கத்திக்குப் பின்னால் தங்கும் மெழுகையும் எடுங்கள். அங்கே ஒளிந்திருக்கும் பழைய கிரீம்தான் அடுத்த முறை செய்வதில் கிருமியைக் கொண்டுவந்து சேர்க்கும்.